இத்தாலியில ஹோட்டல்ல தங்கிறதுக்கு எந்தெந்த வசனம் பாடமாக்க வேணும்?

வாவிக்கரை (கல்லடி):

அம்மா, அப்பா, நான் மூண்டு பேரும் நவம்பர்ல இத்தாலி போறம். ரோமில 3 இரவு, 3 நட்சத்திர ஹோட்டல். பிறகு தெற்கில சிசிலித் தீவிலிருக்கிற பலெர்மோவில 2 இரவு. அது ஹோட்டல் இல்ல, மாடிக் கட்டடத்துல ஒரு வீட்டுக்காரம்மா அறை விடுற இடம். அவவுக்கு இங்கிலிசு தெரியாதாம். போன்ல மொழிபெயர்ப்பு இருக்குதான், ஆனா ஒவ்வொண்டுக்கும் போனை நீட்டிக்கொண்டு நிக்க ஏலாது, நெற் இல்லாத இடத்துல அதுவும் இல்ல.

இணையத்துல "100 வசனம்", "200 வசனம்" எண்டு பட்டியல் கிடக்கு. அவ்வளவும் பாடமாக்க நேரமில்ல. உண்மையா எது தேவைப்படும்? உச்சரிப்பைத் தமிழ்ல எழுதித் தந்தா நல்லம். அம்மா சுத்த சைவம், முட்டையும் இல்ல. அப்பா மாட்டிறைச்சி மட்டும் சாப்பிட மாட்டார். சாப்பாட்டுக்கும் சொல்லித் தாங்க.

தாண்டவன்வெளி:

தங்கச்சி, முதல்ல சத்தத்தைச் சரி பண்ணுங்க. வசனம் பிறகு. இத்தாலிச் சத்தம் இங்கிலிசுக்காரனவிட நமக்கு லேசு. பாத்ரூமுக்கு "பாஞ்ஞோ" எண்டு சொல்றது. அந்த ஞ்ஞ நம்மட "அஞ்ஞானம்" எண்ட சொல்லுல இருக்கு. இரட்டை எழுத்தும் அப்படித்தான். "ஸெத்தே" எண்டா ஏழு, ஒத்தைத் த போட்டு "ஸேதே" எண்டா தாகம். "காஸ்ஸா" காசு கட்டுற இடம், "காஸா" வீடு. கனி/கன்னி எண்டு பிரிச்சுக் கேக்கிற காதுக்கு இதெல்லாம் வேலையே இல்ல. வயது கேட்டா மட்டும் கவனம்: "ஆன்னி" (வருசங்கள்) எண்டதுல ன் ரெண்டும் கேக்க வேணும், ஒண்டானா கூடாத சொல்லாப் போகும்.

அவங்கட "த" நம்மட பல்லுத் த தான். ரிக்கெற், ரீ எண்டு இங்கிலிசு சொல்ற மாதிரி நாக்கை மேல கொண்டுபோக வேணாம். இரவு "நொத்தே", நொட்டேயும் இல்ல, நொற்றேயும் இல்ல.

நாம விழுற குழி வேற இடத்துல. தமிழ்ல ந், ம், ங் வந்தா அடுத்த எழுத்து தானா மெலியும். பந்து, அம்பு, பங்கு சொல்லிப் பாருங்க. இத்தாலியில அது மெலியக் கூடாது. "குவான்த்தோ" எண்டா எவ்வளவு. மெலிஞ்சு "குவாந்தோ" ஆனா எப்ப. "எவ்வளவு?" எண்டு கேக்கப் போய் "எப்ப?" எண்டு கேட்டிருப்பீங்க, அந்த ஆள் மணித்தியாலத்தைச் சொல்லுவார். பில்லுக்கு "கோன்த்தோ", கையில காசுக்கு "கொன்த்தான்த்தி", எல்லாத்துக்கும் இதே சட்டம். அதால நான் ன்த்த, ங்க்க, ம்ப்ப எண்டு எழுதினா அடிச்சு வன்மையாச் சொல்லுங்க. ந்த எண்டு எழுதினா நம்ம வழக்கம்போல.

நெடில் போட்ட இடத்துல அழுத்தம். ஆனா சொல்லுக் கடைசியில வாற ஏ, ஓ ரெண்டையும் இழுக்க வேணாம், குறிலாச் சொல்லுங்க. விழுங்கவும் கூடாது, இத்தாலிச் சொல்லு கனக்க உயிரெழுத்துலதான் முடியும், அதை விழுங்கினா ஆம்பிளைச் சொல்லா பொம்பிளைச் சொல்லா, ஒண்டா பலதா எண்டு தெரியாமப் போகும்.

இனி வசனம். பட்டியல் வேணாம். அஞ்சு அச்சு காணும், பொருளை மாத்தி மாத்திப் போடலாம்.

"வொர்ரேய் ..." எனக்கு இன்னது வேணும் (மரியாதையா). அகராதியில "வோல்யோ" எண்டு இருக்கும். அது "தா" எண்டு பிள்ளை அடம்பிடிக்கிற மாதிரி, ரிசெப்சன்ல வேணாம்.
"ச்சே ...?" இருக்கா? "ச்சே இல் வைஃபை?" வைஃபை இருக்கா? ச் மாறி "கே" ஆனா "என்ன" எண்டு அர்த்தம்.
"மாங்க்கா ..." குறையுது, காணேல்ல. மாங்காய் எண்டு ஞாபகம் வையுங்க, ஆனா க்க தடிக்க வேணும். "மாங்க்கா இல் ஸப்போனே", சவர்க்காரம் இல்ல.
"... நொன் ஃபுன்ட்ஸியோனா." வேலை செய்யுதில்ல. பொருளை முன்னுக்குச் சொல்லுங்க: "லா தோச்சா நொன் ஃபுன்ட்ஸியோனா", ஷவர் வேலை செய்யுதில்ல. பேர் தெரியாட்டி கையைக் காட்டி "க்வேஸ்த்தோ" (இது) எண்டா முடிஞ்சுது.
"மி புவோ ...?" எனக்கு இன்னது செய்து தர ஏலுமா? "மி புவோ அயுத்தாரே?" உதவி செய்ய ஏலுமா?

இதுக்கு மேல ரெண்டு காப்பு வசனம். "நொன் ஓ கப்பீத்தோ", விளங்கேல்ல. "மே லோ புவோ ஸ்க்ரீவெரே?", எழுதித் தர ஏலுமா? ரெண்டாவதுதான் பெறுமதி. அறுபது "ஸெஸ்ஸான்த்தா", எழுபது "ஸெத்தான்த்தா". அவசரமாச் சொன்னா அவங்களுக்கே குழம்பும், நமக்கு எப்படி விளங்கும். எழுதித் தந்தாலும் ஒரு கவனம்: அவங்கட 1க்கு மேல நீட்டிச் சரிவா ஒரு கோடு இருக்கும், 7 மாதிரித் தெரியும். உண்மையான 7க்கு நடுவால குறுக்குக் கோடு கிழிச்சிருப்பாங்க. 7,50 எண்டு காற்புள்ளி போட்டா ஏழரை.

ரிசெப்சன்_பொத்துவில்:

மேல சொன்னது எல்லாம் நீங்க கேக்கிறது. கவுண்டர்ல முதல் அஞ்சு நிமிசம் கேக்கிறது நீங்க இல்ல, அவங்க. அதால அவங்கட கேள்வியைக் காதுல ஏத்திக்கொள்ளுங்க. எந்த ஹோட்டல்லயும் வரிசை பெரும்பாலும் ஒண்டுதான்.

உள்ள போனதும் வணக்கம். பகல்ல "புவொன்ஜோர்னோ", பின்னேரம் தொடங்கினா "புவொனசேரா". இரவு 10 மணிக்குப் போய் இறங்கினாலும் புவொனசேராதான். "புவொனநொத்தே" படுக்கப் போறப்ப விடைபெறுற சொல்லு. வந்ததும் அதைச் சொன்னா, வந்த உடனே போறீங்க எண்ட மாதிரி. "ச்சாவ்" கூட்டாளிமாருக்கு. தெரியாத ஆளுக்கு "ஸால்வே", வெளிக்கிடுறப்ப "அர்ரிவெதேர்ச்சி".

பிறகு நீங்க: "ஓ உனா ப்ரெனொத்தட்ஸியோனே", எனக்கு முன்பதிவு இருக்கு. அவங்க: "ஆ கே நோமே?", எந்தப் பேர்ல? நம்மட ஆக்கள் தடக்குப்படுறது இங்கதான். இத்தாலி அரிச்சுவடியில 21 எழுத்து; ஜே, கே, டபிள்யூ, எக்ஸ், வை எண்ட அஞ்சும் வெளியிலேருந்து வந்தது. தமிழ்ப் பேரை இங்கிலிசுல எழுதினா அதுகள்தான் நிறைய. எச் எழுத்தை அவங்க வாசிக்கிறதே இல்ல, சீயும் எச்சும் சேர்ந்தா "க்" எண்டு வாசிப்பாங்க. சீ-எச் போட்டு எழுதின செல்வராஜாவை "கெல்வராயா" எண்டு கூப்பிட்டா அது நீங்கதான், எழும்பிப் போங்க.

"கோமே ஸி ஸ்க்ரீவே?" (எப்படி எழுதிறது?) எண்டு கேட்டா ஊர்ப் பேரால எழுத்துக் கூட்டுறது அவங்கட வழக்கம். ஏ "அங்க்கோனா", ஜீ "ஜேனோவா", ஓ "ஓத்ரான்த்தோ", ஆர் "ரோமா", எஸ் "ஸவோனா", டி "தொரீனோ", என் "நாப்பொலி", எம் "மிலானோ", ஐ "ஈமொலா". எச்சுக்கு "ஆக்கா", கேக்கு "காப்பா", ஜேக்கு "இ லுங்கா", வைக்கு "ஈப்ஸிலோன்", டபிள்யூக்கு "தோப்பியா வூ". யோகராஜா எண்டா: ஈப்ஸிலோன், ஓத்ரான்த்தோ, ஜேனோவா, அங்க்கோனா, ரோமா, அங்க்கோனா, இ லுங்கா, அங்க்கோனா, ஆக்கா. உங்கட பேரை இப்படி ஒரு கடுதாசியில எழுதி வைச்சா வாசிக்கலாம். படிவத்துல "கொஞ்ஞோமே" எண்டது குடும்பப் பேர், "நோமே" சொந்தப் பேர். நம்ம பாஸ்போட்ல அப்பாட பேர் குடும்பப் பேரிடத்துல நிக்கிற ஆக்கள் கனக்க. முன்பதிவிலயும் பாஸ்போட்லயும் ஒரே ஒழுங்கு இருக்கா எண்டு போக முந்திப் பாருங்க, இல்லாட்டி "அப்படி ஒரு பேர் இல்ல" எண்டு கணினி சொல்லும். பேரைத் தேடாம முன்பதிவு இலக்கத்தை நீட்டினா இன்னும் விரைவு.

அடுத்தது "உன் தொக்குமென்த்தோ, பெர் ஃபவோரே" அல்லது "இ பஸ்ஸப்போர்த்தி?" மூண்டு பேர்டயும் குடுக்க வேணும், ஒராள்ட காணாது. பயப்பட ஒண்டுமில்ல: தங்கிற ஒவ்வொராள்ட விவரத்தையும் 24 மணித்தியாலத்துக்குள்ள பொலிசுக்கு இணையத்தால அனுப்புறது அங்க ஹோட்டல்காரர்ட சட்டக் கடமை. படியெடுத்திட்டுத் திருப்பித் தருவாங்க. "பிறகு வாங்க" எண்டு சொல்லி வைச்சுக்கொண்டா "குவாந்தோ பொஸ்ஸோ ரிப்ரேந்தெரே இ பஸ்ஸப்போர்த்தி?", எப்ப திருப்பி எடுக்கலாம்? இந்த இடத்துல குவாந்தோ மெலிஞ்சதுதான் சரி. "ஃபீர்மி க்வீ" எண்டா இங்க கையெழுத்து வையுங்க.

பிறகு காசு. "தாஸ்ஸா தி ஸொஜ்ஜோர்னோ" எண்டு ஒரு நகர வரி. இணையத்துல காசு முழுக்கக் கட்டினாலும் இது பெரும்பாலும் அதுக்குள்ள இல்ல, ஹோட்டல்ல வேறயாக் கட்ட வேணும். ஆளுக்கு, இரவுக்கு எண்டு கணக்கு. ரோமில 2023 அக்டோபரிலேருந்து 3 நட்சத்திரத்துக்கு 6 யூரோ. மூண்டு பேர், மூண்டு இரவு, 54 யூரோ. ஏமாத்துறாங்க எண்டு சண்டை பிடிக்க வேணாம். பலெர்மோவிலயும் இருக்கு, தொகை வேற. சில இடத்துல இதைக் கையில காசாத்தான் கேப்பாங்க: "இன் கொன்த்தான்த்தி". கார்டால எண்டா "பொஸ்ஸோ பகாரே கொன் லா கார்த்தா?"

நேரத்தோட போனா "லா காமெரா நொன் எ அங்க்கோரா ப்ரோன்த்தா" எண்டு வரும்: அறை இன்னும் ஆயத்தமில்ல. காமெரா எண்டா அறை, படம் எடுக்கிறதில்ல. பெரும்பாலும் பின்னேரம் 2 அல்லது 3 மணிக்குத்தான் குடுப்பாங்க. "பொஸ்ஸியாமோ லஷ்ஷாரே இ பகால்யி?", பெட்டிகளை வைச்சிட்டுப் போகலாமா?

கட்டிலைத் திறப்பு வாங்க முந்திக் கேளுங்க. "மத்ரிமொனியாலே" ஒரு பெரிய கட்டில். கலியாணம் முடிச்சவங்களுக்கு மட்டும் எண்டு இல்ல. "தூஏ லேத்தி ஸீங்கொலி" ரெண்டு தனிக் கட்டில். "தோப்பியா" எண்டா ரெண்டுல எதுவும் வரலாம், அதாலதான் பிரச்சினை. மூண்டு பேருக்கு "த்ரீப்லா". கனக்க இடத்துல அது ஒரு பெரிய கட்டிலும் ஒரு சின்னக் கட்டிலும்தான்.

கடைசியா அவங்க ஒரே மூச்சில சொல்றது: எத்தனையாம் மாடி, லிஃப்ட் எங்க, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு. "தேர்ட்ஸோ பியானோ" மூண்டாம் மாடி, "அஷ்ஷென்ஸோரே" லிஃப்ட், "இன் ஃபோந்தோ ஆ தேஸ்த்ரா" நேர போய் வலப்பக்கம், "ஆ ஸினீஸ்த்ரா" இடப்பக்கம். மாடிக் கணக்கு நம்மட மாதிரித்தான், கீழ்த்தளம் "பியானோ தேர்ரா", லிஃப்ட்ல டி அல்லது 0 எண்டு இருக்கும். "கொலட்ஸியோனே தால்லே ஸெத்தே ஆல்லே தியேச்சி": காலைச் சாப்பாடு 7லேருந்து 10 மட்டும்.

பலெர்மோ_மட்டு:

ரோமுக்கு அது போதும். பலெர்மோ மாடி வீட்டுக்கு வேற படிக்க வேணும்.

ரோட்டில ஹோட்டல் பலகை தேடாதீங்க. பெரிய கதவு, அதுதான் "பொர்த்தோனே". பக்கத்துல மணிப்பொத்தான் வரிசை, "ச்சித்தோஃபொனோ". முன்பதிவுத் தாள்ல வீதி இலக்கத்துக்குப் பிறகு "ஸ்காலா பீ, இன்த்தேர்னோ 7" எண்டு இருந்தா, பீ எண்ட படிக்கட்டுப் பக்கம், 7ஆம் இலக்க வீடு. இதைப் பாக்காமப் போனா ஒரே கட்டடத்துக்குள்ள சுத்திக்கொண்டு நிக்க வேண்டியதுதான். மணி அடிச்சா "கி எ?" (ஆர்?) எண்டு கேக்கும். "ஸியாமோ ல்யி ஓஸ்ப்பித்தி", விருந்தாளிகள் வந்திருக்கம். உள்ள காலடி வைக்கிறப்ப "பெர்மேஸ்ஸோ" எண்டு சொல்லுங்க. உள்ள வரலாமா எண்ட மாதிரி. வீட்டுக்காரம்மாவுக்கு அது பெரிய மரியாதை. வயசான ஆக்களை "சிஞ்ஞோரா", "சிஞ்ஞோரே" எண்டு கூப்பிட்டா காணும்.

தலையாட்டுறதையும் கவனிங்க. நாம "ஓம்" எண்டுறதுக்குப் பக்கவாட்டில தலையை அசைப்போம், அதை அவங்க "இல்ல" எண்டு எடுப்பாங்க. வாயைத் திறந்து "ஸீ" எண்டு சொல்லுங்க. அங்க தெற்கில தலையைப் பின்னுக்கு வெட்டி நாக்கால "ட்ச்" எண்டா "இல்ல" எண்டுதான் அர்த்தம், கோவம் இல்ல.

இனி பாத்ரூம். குழாயில சீ எழுத்து இருந்தா குளிர்தண்ணி எண்டு திறக்காதீங்க. அது "கால்தா", சுடுதண்ணி. குளிருக்கு எஃப், "ஃப்ரேத்தா" (இந்தச் சொல்லுல த்த மட்டும் பந்துல வாற து மாதிரி மெலிவாச் சொல்லுங்க). கை வேகிற ஆக்கள் எல்லாம் இங்கிலிசு தெரிஞ்ச ஆக்கள்தான். ஷவருக்குப் பக்கத்துல மேலேருந்து ஒரு கயிறு தொங்கும். லைற் சுவிச்சும் இல்ல, துணி காயப்போடுறதும் இல்ல, விழுந்தா கூப்பிடுற அபாய மணி. இழுத்துப்போட்டா "ஸ்கூஸி, எ ஸ்தாத்தோ உன் எர்ரோரே", மன்னிக்கணும், தவறுதலா நடந்திட்டு.

கொமட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பீங்கான் தொட்டி இருக்கும், "பிதே". 1975 யூலை 5ஆந் திகதி ஆணைப்படி வீடு எண்டா குறைஞ்சது ஒரு பாத்ரூம்ல அது இருக்க வேணும். தண்ணி பாவிக்கிற நமக்கு நல்லது. அதுக்குப் பக்கத்துல தொங்குற சின்னத் துவாய் அதுக்கெண்டே வைச்சது, முகம் துடைக்க எடுக்க வேணாம். தரையில தண்ணி போற ஓட்டை கனக்க இடத்துல இல்ல, வாளியால அள்ளிக் குளிச்சா கீழ்வீட்டுக்காரர் மேல வருவாங்க.

வீட்டுச் சுடுதண்ணிக்குக் கன இடத்துல கரண்டில ஓடுற தாங்கிதான். 80 லீற்றர் தாங்கி எண்டா ரெண்டு பேர் தாராளமாக் குளிச்சாலே மூண்டாவது ஆளுக்கு ஆறின தண்ணி. "நொன் ச்சே ஆக்வா கால்தா" (சுடுதண்ணி இல்ல) எண்டு முறைப்பட முந்தி ஒண்டு ரெண்டு மணித்தியாலம் பொறுத்துப் பாருங்க. அம்மாவை முதல்ல குளிக்க விடுங்க.

கரண்ட்: இத்தாலியில வீட்டு இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாற்தான். தாங்கி, அயன், முடி காய்ச்சிற மெசின் மூண்டையும் ஒண்டாப் போட்டா பிரதான சுவிச்சு விழும். "எ ஸல்த்தாத்தா லா கொர்ரேன்த்தே", கரண்ட் விழுந்திட்டு. இந்த வசனம் ஒரு பட்டியல்லயும் இருக்காது, ஆனா தேவைப்படும். பொருளைக் கழட்டிட்டுச் சொல்லுங்க, இல்லாட்டி தூக்கின உடனே திரும்ப விழும்.

பிளக்: அங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். சார்ஜருக்குக் கரண்டால ஒண்டும் ஆகாது, முள்ளுத்தான் பொருந்தாது. நம்மட சதுர முள்ளும் உள்ள போகாது, பழைய மூண்டு உருண்டை முள்ளும் போகாது. ரெண்டு மெல்லிய உருண்டை முள்ளுள்ள அடப்டர் ரெண்டு இங்கேயே வாங்கிக்கொண்டு போங்க. அங்க கேக்கிறதெண்டா "உன் அதத்தத்தோரே". சுவர்ல இருக்கிற சொக்கெற் "ப்ரேஸா".

பறங்கித்தெரு:

இடையில ஒரு சின்ன விசயம். நம்மட பேச்சில போர்த்துக்கீசச் சொல்லு கனக்கக் கிடக்கு, அது இத்தாலிக்கு ஒண்டுவிட்ட சொந்தம். பாண் அங்க "பானே", குசினி "குச்சீனா", அலுமாரி "அர்மாதியோ", சாவி "கியாவே". ஆனா ஒண்டு காலை வாரும். துவாய் வேணும் எண்டு அதுக்குக் கிட்ட இருக்கிற "தொவால்யா"வைக் கேட்டா மேசைத்துணி கொண்டு வருவாங்க. துவாய்க்கு "அஷ்ஷுகமானோ". இன்னொண்டு வேணும் எண்டா "வொர்ரேய் உன் ஆல்த்ரோ அஷ்ஷுகமானோ". போர்வை "கொப்பேர்த்தா", கடைசியில ஓ போட்டு "கொப்பேர்த்தோ" ஆக்கினா சாப்பாட்டுக் கடையில ஆளுக்கு எடுக்கிற இருக்கைக் காசு. தலகணி "குஷ்ஷீனோ", குஷன் எண்டு ஞாபகம் வைக்கலாம்.

கல்முனை_காக்கா:

சாப்பாட்டுக்கு வாறன். "வெஜெத்தாரியானா" எண்டு மட்டும் சொன்னா காணாது தங்கச்சி. முட்டையும் மீனும் கணக்கில வராம இருக்க எண்ணிச் சொல்லுங்க: "மியா மாத்ரே நொன் மாஞ்ஜா கார்னே, பேஷ்ஷே, உவோவா", அம்மா இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டா. அப்பாவுக்கு: "மியோ பாத்ரே நொன் மாஞ்ஜா மான்ட்ஸோ எ வித்தேல்லோ". மான்ட்ஸோ மாடு, வித்தேல்லோ கன்று. கன்றைச் சொல்லாம விட்டா அது வேறதானே எண்டு கொண்டு வருவாங்க. "ப்ரெஸாவொலா" எண்ட மெல்லிய சிவப்புத் துண்டும் மாடுதான். "ரகூ" சோஸ்ல பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும். எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு "ஸேன்ட்ஸா மயாலே", பன்றி இல்லாம. ஆனா "ப்ரொஷ்ஷூத்தோ", "பன்ச்சேத்தா", "குவன்ச்சாலே", "ஸ்பெக்", "மொர்த்ததேல்லா" எல்லாம் பன்றிதான், பேரைப் பாடமாக்குங்க. சொல்லாமக் கிடக்கிறது "ஸ்த்ரூத்தோ", பன்றிக்கொழுப்பு; சிசிலிப் பலகாரம், பணிஸ் வகையில போடுற வழக்கம் இருக்கு. "ச்சே ஸ்த்ரூத்தோ?" எண்டு கேளுங்க. இனிப்பில "திரமிஸூ"வுக்கு மதுபானம் விடுற இடம் இருக்கு, அதுக்கு "ச்சே ஆல்கொல்?"

ஹோட்டல்ல காலைச் சாப்பாடு பெரும்பாலும் இனிப்பு. "கொர்னேத்தோ" எண்ட வளைஞ்ச பணிஸ்ல முட்டை இருக்கும், அம்மாவுக்கு ஆகாது. பானே, "புர்ரோ" (பட்டர்), "மர்மெல்லாத்தா" (ஜாம்), "ஃப்ரூத்தா" (பழம்), "யோகுர்த்" எண்டு சமாளிக்கலாம். பர்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டிட வயித்திலேருந்து எடுக்கிற உறைசாமான் போட்டுத்தான் உறைய வைக்கிறது. அவ்வளவு கண்டிப்பு எண்டா "ஸேன்ட்ஸா பர்மிஜானோ" எண்டும் சேருங்க.

பலெர்மோவில அம்மாவுக்கு "பானே எ பனேல்லே" வாங்கிக் குடுங்க: கடலைமா வடையைப் பாணுக்குள்ள வைச்சுத் தாறது. எங்கட கடையில விக்கிற சாமானுக்குக் கிட்ட. அதே கடையில "அரன்ச்சீனா அல் புர்ரோ" எண்டு சோத்து உருண்டை இருக்கும். பேர்ல பட்டர்தான் இருக்கு, உள்ள பன்றித் துண்டு. ஏமாந்திடாதீங்க. "பெப்பெரோனி" எண்டா இறைச்சி இல்ல, கறிமிளகாய்.

தேத்தண்ணி: "தே" எண்டா எலுமிச்சந்துண்டோட ஒரு கோப்பை சுடுதண்ணியும் ஒரு பையும். பால் வேணும் எண்டா "உன் தே கொன் லாத்தே கால்தோ". கால்தோ சொல்லாட்டி குளிர்பால் வரும். "லாத்தே" எண்டு மட்டும் கேட்டா வெறும் பால்தான். கோப்பி எண்டா "கஃபே", ரெண்டு மிடறு கசப்பு. அறையில கேத்தல் வைக்கிற வழக்கம் அங்க குறைவு, "ச்சே உன் பொல்லித்தோரே?" எண்டு கேட்டுப் பாருங்க. குடிக்கிற தண்ணிக்கு "நத்துராலே", காஸ் வேணாம் எண்டா "ஃப்ரிட்ஸான்த்தே" சொல்லாதீங்க.

வாவிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. எழுதிப் பழகினன், பிழை இருந்தா சொல்லுங்க.

1. "குவாந்தோ கோஸ்த்தா?" எவ்வளவு?
2. "லாரியா கொந்திட்ஸியொனாத்தா நொன் ஃபுன்ட்ஸியோனா." ஏசி வேலை செய்யுதில்ல.
3. "ஸோனோ ஃப்ரேத்தா." எனக்குக் குளிருது.
4. "மாங்க்கா தூஏ அஷ்ஷுகமானோ." ரெண்டு துவாய் குறையுது.

கடைசி நாள் விமானம் காலையில 8.30க்கு. விடியப்புறம் வெளிக்கிட வேணும். அதுக்கு என்ன சொல்ல?

தாண்டவன்வெளி:

1 நான் சொன்ன அதே குழி. குவான்த்தோ! 2 சரி. நவம்பர்ல பலெர்மோவில அதே ஏசிதான் சூடும் தரும். ரிமோட்ல சூரியப் படத்துக்கு மாத்துங்க. மாத்தத் தெரியாட்டி "கோமே ஸி அச்சேந்தே இல் ரிஸ்கல்தமேன்த்தோ?", சூடாக்கிறதை எப்படிப் போடுறது?

3ல கவனம். தமிழ்ல "நான் குளிர்" எண்டு சொல்றல்லதானே, "எனக்குக் குளிருது" எண்டுதான் சொல்லுவோம். அவங்களும் "எனக்குக் குளிர் இருக்கு" எண்டுதான் சொல்றது: "ஓ ஃப்ரேத்தோ". வெக்கைக்கு "ஓ கால்தோ". "ஸோனோ" போட்டுக் கால்தோ சொன்னா மோசமான அர்த்தம் வரும், அப்பாட முன்னால வேணாம். 4ல பன்மை: ரெண்டெண்டா "மாங்க்கானோ தூஏ அஷ்ஷுகமானி". மாங்க்கா எண்டாலும் விளங்கும்.

ரிசெப்சன்_பொத்துவில்:

விடியப்புறத்துக்கு வேலையை முதல் நாள் இரவே முடியுங்க. சின்ன ஹோட்டல்ல 5 மணிக்குக் கவுண்டர்ல ஆள் இருப்பார் எண்டு நம்ப வேணாம்.

"பார்த்தியாமோ தொமானி ஆல்லே ச்சீங்க்வே", நாளைக்கு 5 மணிக்கு வெளிக்கிடுறம். "வொர்ரேய் பகாரே ஸ்தஸேரா", இண்டிரவே கட்ட விருப்பம். பில்லு வந்தா வரி, மினிபார் ரெண்டையும் பாருங்க. எடுக்காத சாமான் இருந்தா "க்வேஸ்த்தோ நொன் லாப்பியாமோ ப்ரேஸோ", இதை நாங்க எடுக்கேல்ல. பற்றுச்சீட்டு "லா ரிச்செவூத்தா"; நகர வரியைக் கையில காசாக் கட்டினா இதைக் கட்டாயம் கேளுங்க. "மி புவோ க்யமாரே உன் தாக்ஸி பெர் லயெரொப்போர்த்தோ, தொமானி ஆல்லே ச்சீங்க்வே?", நாளைக்கு 5க்கு விமான நிலையத்துக்கு ராக்ஸி. திரும்ப அவங்க வாயால "ச்சீங்க்வே" எண்டு சொல்றதைக் கேட்ட பிறகுதான் நகருங்க. கடைசியா "தோவே லஷ்ஷியாமோ லா கியாவே?", திறப்பை எங்க வைக்கிற? முன்கதவு இரவில பூட்டி இருந்தா உள்ளுக்கிருந்து எப்படித் திறக்கிறது எண்டும் அப்பவே செய்து காட்டச் சொல்லுங்க.

பலெர்மோ_மட்டு:

வீட்டுக்காரம்மாட்ட எண்டா ராக்ஸிக்கும் அவவைத்தான் கேக்க வேணும், ஆனா இரவு 10 மணிக்கு முந்தி. நடு இரவில சுகமில்லாமப் போனா 112க்கு அடிங்க. கதவைத் தட்டி "ஸ்த்தா மாலே" (சுகமில்ல) எண்டு ஆளைக் காட்டினா அவவே கதைப்பா. முகவரியைக் கேப்பாங்க, அந்த ஸ்காலா, இன்த்தேர்னோ எழுதின தாளை மேசையிலயே வைச்சிருங்க.